அப்பாவின் ஈயச் சட்டியும் என் வல்லாரைச் சாறும்

போன வைகாசியில் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் சுமதியிடமிருந்து போன் வந்தது. (பெயரை மாற்றியிருக்கிறேன்.) தாராபுரத்தில் அப்பாவின் பேட்டரிக் கடையில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கும் தம்பியின் மனைவி. அவர்கள் மகளுக்கு நாலு வயது. போனில் குரல் உடைந்திருந்தது.

"அக்கா, பாப்பாவுக்கு ரத்தத்துல ஈயம் பதினேழுன்னு வந்துருக்குதுங்க. நீங்க வல்லாரையிலதானுங்க டாக்டர் பட்டம் வாங்குனீங்க? ஒரு நாளைக்கு எத்தனை அரைச்சுக் குடுக்கட்டும்?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் ஐந்தரை வருஷம் ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தேன். கேள்வி நேராக வந்து நின்றபோது, எனக்குத் தெரிந்ததை எல்லாம் அவளுக்குப் புரிகிற மாதிரி இரண்டு வரியில் சொல்ல முடியவில்லை. அன்றைக்குப் போனில் சொல்ல முடியாமல் போனதை இங்கே முழுசாக எழுதுகிறேன். சுமதியும் படிப்பாள்.

முதலில் கடை. உடுமலை ரோட்டில் இருக்கிறது. லாரி, டிராக்டர் பேட்டரிதான் பெரும்பாலும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வந்த பேட்டரிகளின் பெட்டி கருப்பு ரப்பரில் இருக்கும், மேல் விளிம்பைச் சுற்றித் தார் ஊற்றி அடைத்திருப்பார்கள். அப்பா அந்தத் தாரைச் சூடு காட்டி இளக்கி, செல்லை உருவி எடுத்து, செத்துப்போன பிளேட்டுகளைக் கழற்றி, புதுசு போட்டு, ஈயத்தை உருக்கி ஒட்டி மூடுவார். பழைய பிளேட்டுகள் மூலையில் குவியும். வாரம் ஒரு தடவை, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, இரும்புச் சட்டியில் போட்டு அடுப்பில் ஏற்றி உருக்குவார். மேலே மிதக்கிற கசடைக் கரண்டியால் வழித்துத் தரையில் தட்டுவார். அது காய்ந்தால் மாவு மாதிரி ஆகிவிடும், காலில் ஒட்டும். அடியில் இருக்கிற ஈயம் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளக்கும். அந்த ஈயத்தில் கொஞ்சம் எடுத்து ஒரு அச்சில் ஊற்றி எனக்கு மீன் செய்து கொடுப்பார். விரல் நீளத்துக்கு ஒரு மீன், செதில் எல்லாம் இருக்கும். "அம்மிணி, வாயில வெக்கக் கூடாது" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். சொல்லிவிட்டு அதே கையால் வடையை எடுத்து டீயில் தோய்த்துச் சாப்பிடுவார்.

அவருக்கு உடம்பு படுத்த ஆரம்பித்தது நான் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தபோது. வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி, மலச்சிக்கல், தூக்கமின்மை, எதற்கெடுத்தாலும் கோபம். என் அப்பா சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அந்த இரண்டு வருஷம் வீட்டில் தட்டு பறந்தது. அல்சர் என்று மாத்திரை கொடுத்தார்கள், அப்புறம் சர்க்கரை என்று சந்தேகப்பட்டார்கள். ஒரு நாள் காலையில் டம்ளரைத் தூக்கப் போனார், வலது கை மணிக்கட்டு நிமிரவில்லை. விரல்கள் அசைகின்றன, மணிக்கட்டு மட்டும் கோழிக் கழுத்து மாதிரி தொங்குகிறது. கோயம்புத்தூரில் ஒரு நரம்பு மருத்துவர் அந்தக் கையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ன தொழில் பண்றீங்க?" இரண்டு வருஷத்தில் அதற்கு முன் யாரும் அதைக் கேட்கவில்லை. ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 74 மைக்ரோகிராம்.

டி-பெனிசிலமைன் மாத்திரை கொடுத்தார்கள். உலோகத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றுகிற மருந்து. அளவு நன்றாக இறங்கியது, மருந்தை நிறுத்தியதும் மறுபடி ஏறியது. ஈயம் ரத்தத்தில் இருப்பது ஒரு மாதக் கணக்குத்தான், அதற்குள் பாதி குறைந்துவிடும். எலும்பில் போய் உட்கார்ந்ததோ பத்து வருஷம், இருபது வருஷம் என்று அங்கேயே இருக்கும். ரத்தத்தில் குறையக் குறைய எலும்பிலிருந்து ஊறி வரும், கிணற்றை இறைத்தால் ஊற்று சுரப்பது போல. அப்பாவின் கை திரும்ப ஒன்றரை வருஷம் ஆனது.

அந்தக் காலம் முழுக்க அம்மா தினமும் வல்லாரைத் துவையல் அரைத்தார். நரம்புக்கு நல்லது என்று அவருடைய அம்மா சொல்லிக் கேட்டது. அமராவதி வாய்க்கால் ஓரத்தில் பறித்து வருவார். அப்பாவின் கை எழுந்தபோது அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை, வல்லாரைதான் எழுப்பியது. எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் இருந்தது. அதனால்தான் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தபோது தலைப்பைத் தேடவே இல்லை: காரீயத்தால் பழுதாகும் நரம்புச் செல்களை வல்லாரைச் சாறு காக்கிறதா?

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் பலர் கேட்கிறார்கள். ஈயச் சொம்பில் ரசம் வைப்பது வேறு. அது வெள்ளீயம், பேட்டரியில் இருப்பது காரீயம். இரண்டும் தனித்தனி உலோகங்கள். வெள்ளீயச் சொம்பில் தவறில்லை, ஆனால் அதில் மலிவுக்காகக் காரீயம் கலந்திருந்தால் புளிப்பு அதைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும். தெரிந்த இடத்தில், சோதித்துக் கொடுப்பவரிடம் வாங்குங்கள். இதே மாதிரி சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம், ஆயுர்வேத நூல்களில் நாகம் என்றால் காரீயம். புட்டியில் நாகம் என்று போட்டிருந்தால் எந்த நாகம் என்று கேட்க வேண்டும். தயங்காமல் கேளுங்கள்.

சரி, ஆய்வகத்துக்கு வருகிறேன்.

நரம்பு செல்லை மனிதரிடமிருந்து எடுத்து வளர்ப்பது எளிதல்ல. அதனால் உலகம் முழுக்க ஆய்வகங்கள் எஸ்.எச்-எஸ்.ஒய்.5ஒய் என்ற ஒரு செல் வகையைப் பயன்படுத்துகின்றன. 1970இல் நரம்புப் புற்றுநோய் வந்த ஒரு நாலு வயதுச் சிறுமியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்தவற்றின் வழி வந்தவை அவை. ஐம்பது வருஷம் தாண்டியும் பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கின்றன. ரெட்டினாயிக் அமிலம் சேர்த்தால் ஒரு வாரத்தில் உடலை நீட்டி, நூல் நூலாகக் கை விரித்து, பக்கத்துச் செல்லைத் தொடும். மைக்ரோஸ்கோப்பில் முதல் முறை அதைப் பார்த்த அன்று மதியம் நான் சாப்பிடப் போகவில்லை. இன்றைக்குப் பதினேழு என்று வந்திருக்கும் பாப்பாவுக்கும் நாலு வயது என்பதை நினைத்தால் என்னவோ செய்கிறது.

அந்தச் செல்களுக்கு ஈய அசிட்டேட் கொடுப்போம். அந்தக் காலத்தில் அதற்குப் பெயர் ஈயச் சர்க்கரை, ஏனென்றால் அது இனிக்கும். குழந்தைகள் உரிந்த ஈயப் பெயின்ட்டை எடுத்துத் தின்பதற்கு இனிப்பும் ஒரு காரணம் என்பார்கள். ஈயம் செல்லுக்குள் எப்படி நுழைகிறது என்பதுதான் இதில் பயங்கரம். அது கால்சியம் வேஷம் போடுகிறது. நரம்பு செல் ஒவ்வொரு முறை செய்தி அனுப்பும்போதும் கால்சியத்துக்காகக் கதவைத் திறக்கும், அந்தக் கதவு வழியே ஈயமும் உள்ளே போய்விடும். உள்ளே போய்க் கால்சியம் உட்கார வேண்டிய இருக்கைகளில், கால்மோடுலின், புரோட்டீன் கைனேஸ்-சி போன்றவற்றில், கால்சியத்தைவிட இறுக்கமாக உட்காரும். அதனால் அனுப்பக் கூடாத நேரத்தில் செய்தி போகும், அனுப்ப வேண்டிய நேரத்தில் போகாது. நினைவைப் பதிய வைக்கிற என்.எம்.டி.ஏ. என்ற வாயிலையும் அடைத்துவிடும். ரத்தச் சிவப்பைச் செய்கிற அலாடு என்ற நொதியில் துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். அப்பாவுக்கு ரத்தச் சோகை வந்தது அதனால்தான். குளூட்டாதயோன் என்று செல்லுக்குள் துரு ஏறாமல் காக்கிற ஒரு பொருள் உண்டு. அதன் கந்தகப் பிடியையும் ஈயம் பற்றிக்கொள்ளும். காவல்காரனைக் கட்டிப்போட்ட பிறகு வீட்டுக்குள் எது வேண்டுமானாலும் நடக்கும்.

தாவரச் சாறு இந்தக் கடைசி இடத்தில்தான் உதவும் என்று எல்லோரும் நம்புகிறோம். மஞ்சள், நெல்லி, அமுக்கரா, நீர்ப்பிரமி, வல்லாரை எல்லாமே ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும், அதனால் செல்லைக் காக்கும் என்பதுதான் நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கம். என்னுடைய முதல் வருட முடிவும் அப்படித்தான் வந்தது. வந்தது என்றால், அசத்தலாக வந்தது.

செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க எம்.டி.டி. என்ற மஞ்சள் நிற வேதித் தூளைக் கரைத்து ஊற்றுவோம். உயிருள்ள செல் அதை ஊதா நிறமாக மாற்றும். ஊதா எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு செல் உயிரோடு இருக்கிறது என்று கணக்கு. செல்களைச் சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் வளர்ப்போம். ஈயம் மட்டும் கொடுத்த குழிகள் வெளுத்திருந்தன. ஈயத்தோடு வல்லாரைச் சாறும் கொடுத்த குழிகள் கத்திரிப்பூ நிறத்தில் ஜொலித்தன. ஈயமே கொடுக்காத செல்களைவிடவும் அடர்த்தியாக! அன்று இரவு வீட்டுக்குப் போன் பண்ணி அம்மாவிடம் சொன்னேன். "நான் அன்னைக்கே சொல்லல?" என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமை இன்னும் காதில் இருக்கிறது.

எனக்கு அந்த 'ஈயமே கொடுக்காததைவிடவும்' என்பதுதான் உறுத்தியது. விஷம் குடித்தவன் விஷம் குடிக்காதவனைவிட ஆரோக்கியமாக இருப்பானா? இரண்டு நாள் கழித்து, செல்லே இல்லாத வெறும் குழிகளில் வல்லாரைச் சாற்றையும் எம்.டி.டி.யையும் ஊற்றி வைத்தேன். மூன்று மணி நேரத்தில் குழி ஊதாவானது. அங்கே உயிர் எதுவுமே இல்லை. சாற்றில் இருக்கிற பாலிஃபீனால்கள் என்ற தாவரப் பொருள்களே அந்த மஞ்சள் நிறத்தை ஊதாவாக மாற்றுகின்றன. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிற எந்தப் பொருளுக்கும் அந்தச் சக்தி உண்டு, அதுதானே அதன் குணம். எவ்வளவு வீரியமான சாறோ அவ்வளவு பெரிய பொய்.

என் நெறியாளரிடம் அந்தக் குழித் தட்டைக் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "சாறைக் கழுவிட்டு எம்.டி.டி. போடு. கூடவே டிரைபன் புளூ போட்டுக் கையால எண்ணு" என்றார். அந்த மனிதருக்கு நான் வாழ்நாள் முழுக்க நன்றி சொல்ல வேண்டும். மறைத்து வைக்கச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அடுத்த நாலு மாதம் எண்ணினேன். செத்த செல் நீல நிறம் ஏற்கும், உயிருள்ளது ஏற்காது. கண்ணாடிக் கட்டத்தில் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். முதல் வருடத்து அதிசயத்தில் பாதிக்கு மேல் கரைந்துபோனது.

அதோடு முடியவில்லை. ஈயத்தையும் சாற்றையும் ஒரே நேரத்தில் ஊற்றினால், சாற்றில் இருக்கிற டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஈயத்தைச் செல்லுக்கு வெளியிலேயே பிடித்துக்கொள்ளும். செல் வளர்க்கிற திரவத்தில் இருக்கும் பாஸ்பேட்டே கொஞ்சம் ஈயத்தை வீழ்படிவாக இறக்கிவிடும். அதாவது செல்லுக்கு ஈயமே சரியாகப் போய்ச் சேர்வதில்லை. அது நரம்பு செல்லைக் காப்பதாகாது. குழிக்குள் ஈயத்தைப் பொட்டலம் கட்டுவது, அவ்வளவுதான். எனவே சாற்றை ஒரு நாள் முன்பே கொடுத்து, மூன்று தடவை கழுவி, புதுத் திரவத்தில் ஈயத்தைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தேன்.

அப்படிச் செய்தபோது மிஞ்சியது சின்னதுதான். ஆனால் மிஞ்சியது உண்மை. எட்டு முறை திரும்பச் செய்தும் மறையவில்லை. அதன் காரணம்தான் எனக்கு இந்தப் பொருளில் இன்றைக்கும் மிகவும் பிடித்த விஷயம். செல்லுக்குள் என்.ஆர்.எஃப்-2 என்ற ஒரு புரதம் இருக்கிறது. கீப்-1 என்ற இன்னொரு புரதம் அதை எப்போதும் கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கும். தாவரத்தின் சில பொருள்கள் கீப்-1ஐ லேசாகத் தொந்தரவு செய்யும். பிடி தளரும், என்.ஆர்.எஃப்-2 செல்லின் உட்கருவுக்குப் போய்ப் பாதுகாப்பு மரபணுக்களை எழுப்பிவிடும். செல் தானாகவே குளூட்டாதயோனைக் கூடுதலாகச் செய்து வைத்துக்கொள்ளும். வல்லாரை நேரடியாக ஈயத்தோடு சண்டை போடவில்லை. முன்கூட்டியே லேசாக மிரட்டிச் செல்லைத் தயார் பண்ணி வைக்கிறது. வெயிலில் நடந்து பழகிய காலுக்குக் கோடை உறைக்காத மாதிரி. பூச்சி கடிக்காமல் இருக்கத் தாவரம் தனக்காகச் செய்துகொண்ட கசப்பு, நம் செல்லுக்கு ஒரு எச்சரிக்கை மணியாகிறது என்பதை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கும்.

ஆனால் கவனியுங்கள், ஒரு நாள் முன்பே கொடுக்க வேண்டியிருந்தது. ஈயம் ஏறிய பிறகு கொடுத்ததில் என் கையில் எந்தப் பலனும் வரவில்லை.

அளவையும் சொல்ல வேண்டும். மஞ்சளில் இருக்கிற குர்க்குமினை எடுத்துக்கொள்வோம், அதில்தான் தெளிவான கணக்கு இருக்கிறது. ஆய்வகக் குழியில் செல்லைக் காக்க ஐந்து, பத்து மைக்ரோமோலார் (கரைசலின் செறிவை அளக்கும் அலகு) அளவில் ஊற்றுகிறார்கள். மனிதர் ஒரே நாளில் எட்டு கிராம் சுத்தக் குர்க்குமின் சாப்பிட்டால்கூட ரத்தத்தில் இரண்டு மைக்ரோமோலாரை எட்டுவதில்லை. பெங்களூரில் செய்து 1998இல் வெளியான ஒரு ஆய்வில், இரண்டு கிராம் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் அது இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. மிளகில் இருக்கிற பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும் இருபது மடங்கு கூடியது. அந்த முடிவைத்தான் இன்றைக்கு எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், மஞ்சளோடு மிளகு போடுங்கள் என்று. இல்லாததற்குப் பக்கத்தில் இருக்கிற ஒன்றின் இருபது மடங்கு எவ்வளவு இருக்கும் என்று யாரும் சொல்வதில்லை. அதுவும் ரத்தம் வரைக்கும்தான். மூளைக்குப் போக இன்னொரு மதில் இருக்கிறது.

மனிதரிடம் சோதித்தே பார்க்கவில்லையா என்றால், பார்த்திருக்கிறார்கள். ஈரானில் மஷ்ஹத் நகரத்தில், அதுவும் பேட்டரித் தொழிலாளர்களிடம்! 2012இல் வெளியானது. 117 பேர். ஒரு குழுவுக்கு என் அப்பா சாப்பிட்ட அதே டி-பெனிசிலமைன், இன்னொரு குழுவுக்குப் பூண்டு மாத்திரை, நாலு வாரம். பூண்டுக் குழுவில் ரத்த ஈயம் சராசரியாக 42.6லிருந்து 34.7க்கு இறங்கியது. மருந்துக் குழுவிலும் ஏறக்குறைய அதே மாதிரி இறக்கம். எரிச்சலும் தலைவலியும் பூண்டுக் குழுவில் குறைந்தன. முதல் தடவை படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். பூண்டின் கந்தகப் பொருள்கள் ஈயத்தைப் பிடிக்கும் என்பது வேதியியலுக்கும் பொருந்துகிறது. ஆனாலும் எதுவுமே சாப்பிடாத மூன்றாவது குழு ஒன்று அதில் இல்லை. 34.7 என்பது நல்ல எண்ணும் இல்லை.

அதைவிட என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அமெரிக்காவில் குழந்தைகளிடம் செய்த பரிசோதனை. 2001இல் வெளியானது. 780 குழந்தைகள், ஒரு வயதிலிருந்து மூன்று வயதுக்குள். ரத்த ஈயம் 20க்கும் 44க்கும் இடையில். பாதிப் பேருக்குச் சக்சிமர் என்ற மருந்து, மூலிகை அல்ல, ஈயத்தைப் பிடித்து இழுக்கிற அசல் மருந்து. ரத்தத்தில் ஈயம் இறங்கத்தான் செய்தது. மூன்று வருஷம் கழித்து அறிவுத் திறன், நடத்தை எல்லாவற்றையும் சோதித்தார்கள். மருந்து சாப்பிட்ட குழந்தைக்கும் சாப்பிடாத குழந்தைக்கும் வித்தியாசம் இல்லை. ரத்தத்திலிருந்து ஈயத்தை எடுக்க முடிந்தது, அது செய்துவிட்டுப் போனதை எடுக்க முடியவில்லை. அந்த ஆய்வைப் படித்த பிறகு, ஈயம் ஏறிய ஒரு குழந்தையின் தாயிடம் 'இந்தச் சாறு குணப்படுத்தும்' என்று சொல்கிற எவர்மேலும் எனக்குக் கோபம் வருகிறது. விற்பவர் எத்தனை நல்லவராக இருந்தாலும் சரி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பங்களாதேஷில் மஞ்சள் கிழங்கை மெருகு போடும்போது நிறத்துக்காக ஈயக் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்த்துவந்தார்கள். 1980களில் ஒரு வெள்ளத்துக்குப் பிறகு கிழங்கு நிறம் மங்கிப்போனதில் தொடங்கிய பழக்கம். கிராமத்துக் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஏன் இவ்வளவு ஈயம் என்று தேடிப்போன ஆராய்ச்சியாளர்கள் கடைசியில் வந்து நின்ற இடம் அஞ்சறைப் பெட்டி. 2019இல் அந்த அரசு விழித்துக்கொண்டது. டாக்காவின் பெரிய மசாலாச் சந்தையில் சோதனை, அபராதம், ஊர் ஊராக எச்சரிக்கைச் சுவரொட்டிகள். சந்தையில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் 2019இல் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது, 2021இல் ஒன்றில்கூட இல்லை. நரம்பைக் காக்கும் என்று நாம் நம்புகிற அதே மஞ்சள் வழியாகவே ஈயம் வந்திருக்கிறது. அதை நிறுத்த எந்தச் சாறும் தேவைப்படவில்லை. இரண்டே வருஷம், ஒரு அரசு மனது வைத்தது. இதை எழுதும்போது எனக்கு நம்பிக்கையாகவே இருக்கிறது.

மூலிகை மாத்திரைகளும் விதிவிலக்கில்லை. 2004இல் வெளியான ஒரு ஆய்வுக்காகப் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் தெற்காசியாவில் செய்த 70 ஆயுர்வேதப் பொருள்களை வாங்கிச் சோதித்தார்கள், 14இல் காரீயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. அப்புறம் அம்மாவின் வாய்க்கால் வல்லாரை. அந்தச் செடி தண்ணீர் ஓரத்தில் படர்ந்து, மண்ணில் இருக்கிற உலோகத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் குணமுள்ளது. சாக்கடை கலக்கிற வாய்க்கால் ஓரத்து வல்லாரையும், தொட்டியில் நல்ல மண்ணில் வளர்த்த வல்லாரையும் ஒன்றல்ல. என் ஆய்வுக்கான சாற்றை எடுப்பதற்கு முன்னால் இலையிலேயே ஈயம் இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டியிருந்தது. ஒரு சந்தைக் கட்டு அந்தச் சோதனையில் தேறவில்லை, தூக்கிப் போட்டேன்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடியது. "அப்ப நான் உங்கப்பாவுக்கு வெசத்தையா குடுத்தேன்?" என்றார். இல்லை அம்மா. அப்பாவின் கை எழுந்ததற்குக் காரணம் அவர் ஒன்றரை வருஷம் சட்டிப் பக்கம் போகாததும் அந்த மாத்திரையும். நீ கொடுத்த துவையலோடு நீ சேர்த்துக் கொடுத்த ராகிக் களியும் முருங்கைக்கீரையும் நிச்சயம் உதவியிருக்கும். அதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. குடலில் ஈயம் உள்ளே வரும் வழி இரும்பும் கால்சியமும் வருகிற அதே வழி. அந்த இரண்டும் குறைவாக இருக்கிற உடம்பு, பசித்தவன் மாதிரி, ஈயத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் ஏறும் என்றால், சின்னக் குழந்தைக்குப் பாதி வரைக்கும் ஏறலாம். ரத்தச் சோகை உள்ள குழந்தைக்கு இன்னும் மோசம். தாவரம் நரம்பைக் காக்கிற வழிகளில் நான் கையை நீட்டிச் சத்தியம் பண்ணக்கூடியது இதுதான். குப்பியில் அடைத்த சாறாக அல்ல, தட்டில் வைத்த சோறாக.

மறுநாள் காலை சுமதியைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினேன். வல்லாரை கொடு, ஆனால் மருந்தென்று நினைத்துக் கொடுக்காதே, வாய்க்கால் ஓரத்தில் பறிக்காதே. குழந்தை மருத்துவரிடம் காட்டி இரும்புச் சத்து எவ்வளவு என்று பார், குறைவென்றால் அவர் கொடுக்கிற சொட்டு மருந்தை விடாமல் கொடு. காலையில் ராகி, வாரம் நாலு நாள் கீரை, கூடவே எலுமிச்சையோ நெல்லியோ, அது இருந்தால் கீரையின் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். வெறும் வயிற்றோடு விளையாட விடாதே, வெறும் வயிறு ஈயத்தை அதிகமாக இழுக்கும். பதினேழுக்கு ஈயத்தை இழுக்கிற மருந்து கொடுக்க மாட்டார்கள், அது 45க்கு மேல்தான், அதனால் பயப்படாதே. ஆனால் பதினேழைச் சின்ன எண் என்றும் நினைக்காதே, உலக சுகாதார நிறுவனம் ஐந்து வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது.

எங்கிருந்து வருகிறது என்பது அவளுக்கும் எனக்கும் தெரியும். அவள் கணவனின் சட்டை. அவன் கடையிலிருந்து வந்ததும் பாப்பா ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளும்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். அப்பாவுக்கு இப்போது 68. கடையைப் பெரும்பாலும் சுமதியின் கணவரான அந்தத் தம்பிதான் பார்க்கிறார். பழைய பிளேட்டை உருக்கும் வேலையை இனிமேல் கடையில் செய்யவே வேண்டாம், பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடலாம் என்று கேட்டேன். வருமானம் குறையும் என்று தம்பி தயங்கினார். அப்பா எழுந்து போய் அடுப்புக்கு மேலிருந்த அந்த இரும்புச் சட்டியை இரண்டு கையாலும் எடுத்து வந்து வாசலில் வைத்தார். வலது கையிலும் தூக்கினார். "பழைய இரும்புக்காரன் வந்தா போட்டுரு" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

கடைக்குப் பின்னால் குழாயடியில் ஒரு மறைப்புக் கட்டினோம். வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும். வேலைச் சட்டை கடையிலேயே, தனி வாளியில் துவைக்க வேண்டும். கடையைத் துடைப்பத்தால் கூட்டக் கூடாது, தூசி பறக்கும், ஈரத் துணியால் துடைக்க வேண்டும். டீ கடைக்கு வெளியே போய், கை கழுவிவிட்டு. என் ஈய மீனை வீட்டு அலமாரியில் தேடி எடுத்து அதையும் பிளேட் குவியலில் போட்டுவிட்டு வந்தேன்.

மூன்று மாதம் கழித்துப் பாப்பாவுக்கு இரண்டாவது சோதனை. விரல் நுனியில் குத்தி எடுக்க வேண்டாம், தோலில் தூசி இருந்தால் அதுவும் சேர்ந்துவிடும், கையின் ரத்தக் குழாயிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று நானே கூடப் போய்ச் சொன்னேன். அழுதது. முடிந்ததும் ஒரு சாக்லேட் கொடுத்தேன், அழுதுகொண்டே தின்றது. பதினொன்று வந்தது. சுமதி வீட்டு வாசலில் ஒரு சிமென்ட் தொட்டியில் நான் கொடுத்த வல்லாரை படர்ந்திருக்கிறது. மண்ணை நான் சோதித்துப் பார்த்துத்தான் கொண்டுபோனேன். அடுத்த சோதனை தை மாதம்.